நட்டின் மேல் மஞ்சள் கோடு

ஃபோல்க்மார் பிரிங்க்மனுக்கு முதல் சந்தேகம் வந்தது ஏப்ரல் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த நீச்சல்குளப் பயிற்சியை முடித்துக்கொண்டு, ஈரத் தலையோடு நேரே வீட்டின் கீழ்த்தளத்து அறைக்கு இறங்கினார். மேசைமேல் அவருடைய டிரெய்லர் வைத்த இடத்திலேயே இருந்தது. பின் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. நேற்று மாலை இதே சக்கரம் அரைச் சுற்றில் இறுகி நின்றதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆக, யாரோ நட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். வேறு என்ன?

அது மூன்று அச்சு உள்ள தாழ்தள டிரெய்லர். புல்டோசர், கிரேன் மாதிரி கனமான சாமான்களை ஏற்றுகிற வகை. நிஜ டிரெய்லரைப் போல அச்சு அசலாக, பதினாலில் ஒரு பங்கு அளவில், பித்தளைத் தகடும் அலுமினியப் பட்டையும் வெட்டி ஒட்டி ஒன்றரை வருடமாகச் செய்துகொண்டிருந்தார். ரிமோட்டில் ஓடும் சின்ன லாரி ஒன்று அதை இழுக்கும். நிஜமான டிரெய்லரை இருபத்தாறு வருடம் இழுத்த மனிதர் என்பதால், எந்த வளைவில் எந்த ரிவிட் ஆணி தேயும் என்பது வரை அவருக்கு மனப்பாடம்.

லிப்ஷ்டாட் நகரத்துக் குட்டி லாரி சங்கத்தில் வருடா வருடம் அக்டோபரில் கண்காட்சி நடக்கும். சின்னப் பாலமும் கூம்புகளும் வைத்த தடத்தில் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும். அதில் 'சொந்தக் கை' என்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் வண்டியை இறக்குகிறவர், 'இதன் ஒவ்வொரு பாகமும் என் கையால் ஆனது' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட வேண்டும். விதியைக் கொண்டுவந்ததே ஃபோல்க்மார்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஹைக்கோ வெஸ்ட்ஹோஃப் என்கிற ஆளின் லாரியில் சக்கரக் குடங்களை அவனுடைய மச்சினன் கடைந்து கொடுத்திருக்கிறான் என்று கண்டுபிடித்து, பொதுக்குழுவில் எழுந்து நின்று சொல்லி, பட்டியலிலிருந்து பெயரை அடிக்க வைத்தவரும் அவர்தான். அந்த ஹைக்கோ அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் போகிறவனைத்தான் நம்பக்கூடாது என்பது ஃபோல்க்மாரின் கொள்கை.

மூன்று வருடமாக அந்தப் பிரிவில் முதல் பரிசு அவருக்கே. இந்த வருடமும் வாங்கியாக வேண்டும். கோப்பைக்காக மட்டும் இல்லை. போன குளிர்காலத்திலிருந்து அவருடைய வலது கை லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. காபி அதிகம் குடிக்கிறோம், அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த வருடம் தோற்றால் எல்லோரும் ஏன் என்று பார்ப்பார்கள். பார்த்தால் கையைப் பார்ப்பார்கள்.

சந்தேகம் என்பது செருப்புக்குள் போன கல் மாதிரி. எடுத்துப் போடுகிறவரை நடக்கவிடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் குளத்திலிருந்து வந்ததும் மனிதர் துப்பறிய ஆரம்பித்தார். பாத்திரம் வடிகிற கூடையில் இரண்டு காபிக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மக்கும் குப்பைக்கான பழுப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தார். பாதாம் சீவல் ஒட்டிய கேக் துணுக்குகள். அவர் மனைவி ரோஸ்வித்தாவுக்குப் பாதாம் ஆகாது, உதடு வீங்கிவிடும். காகிதத் தொட்டியில் பேக்கரித் தாள் நாலாக மடித்துக் கிடந்தது. பேக்கரி, ஊரின் அந்தக் கோடியில் ஹைக்கோ வீட்டுத் தெருவில் இருப்பது.

இன்றைக்கு யாராவது வந்தார்களா என்று சாப்பாட்டு மேசையில் பொதுவாகக் கேட்டு வைத்தார். யாரும் வரலையே என்று ரோஸ்வித்தா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் இந்தப் பொய் அவருக்கு நன்றாகவே உறைத்தது.

அறுபத்தெட்டு வயதுப் பெண்டாட்டிக்கும் ஹைக்கோவுக்கும் ஏதாவது இருக்குமோ என்றுகூட ஓர் இரவு யோசித்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அந்த யோசனையை அவர் கொஞ்சம் நிம்மதியோடுதான் புரட்டினார். அது மட்டும் என்றால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அச்சில் கைவைத்தானென்றால் அதை எப்படி மன்னிப்பது?

செப்டம்பரில் பொறி வைத்தார். நிஜ லாரிகளில் நட்டை இறுக்கியபின், நட்டின்மேலும் பக்கத்துத் தகட்டின்மேலும் சேர்ந்தாற்போல ஒரு வண்ணக் கோடு இழுப்பார்கள். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். டிரைவர் காலையில் ஒரு சுற்று நடந்து பார்த்தாலே போதும். அதே வித்தையை இங்கே செய்தார். மூன்று அச்சுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நட்டுகள், ஒவ்வொன்றும் அரிசியில் பாதி இருக்கும். திங்கட்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் பன்னிரண்டு மஞ்சள் கோடுகள். வேர்த்து ஊற்றியது. மூன்று கோடுகள் நட்டை விட்டு வெளியே ஓடின. பரவாயில்லை, பொறிக்கு அழகு எதற்கு என்று விட்டுவிட்டார்.

செவ்வாய் மாலை வந்து பார்த்தார். பன்னிரண்டு கோடும் உடையாமல் இருந்தன.

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. அப்படியானால் கேக்? கோப்பை? பொய்? இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் காலையில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். ஐந்தாவது கோட்டில் அவருக்குப் பிடிபட்டது. கோடு நேராக இருந்தது. ஆறாவதும் நேர். பன்னிரண்டும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேர். வெளியே ஓடிய கோடு ஒன்றுகூட இல்லை.

பிடித்துவிட்டேன் திருடனை என்று ஒரு கணம் உள்ளே துள்ளினார். நட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தெரியாமல் இருக்கப் புதிதாகக் கோடு போட்டிருக்கிறான். ஆனால் துள்ளல் பாதியிலேயே நின்றுவிட்டது. தன் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் வித்தியாசம் இவ்வளவா? தூரிகையை எடுத்து ஒரு துண்டுத் தகட்டில் தானே ஒரு கோடு இழுத்தார். புழு நெளிந்தது. இன்னொன்று இழுத்தார். அதுவும் புழு. பிறகு வெர்னியர் அளவியை எடுத்து, ஒரு வருடத்துக்கு முன் தான் அடித்த முன்பக்க ரிவிட் வரிசையையும், மார்ச்சில் அடித்ததாக நினைத்த பின்பக்க வரிசையையும் அளந்தார். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே முடி இழை பிசகாமல் இருந்தது. இன்றைய தன் கையால் அது முடியாது. இதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பயமாக இருந்தது.

ஹைக்கோவின் கைகள் கரடிக் கைகள், ஒற்றை மயிர்த் தூரிகை அதில் தங்காது. ரோஸ்வித்தா முப்பத்தோரு வருடம் பல் செய்கிற கூடத்தில் வேலை பார்த்தவள். பீங்கான் பல்லில், பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்குப் பொருந்துகிற மஞ்சளைத் தீட்டியவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை துண்டையும் நீச்சல் உடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருக்கோடியில் காரை நிறுத்தி, பட்டப்பகலில் அரைமணி நேரம் தன் வீட்டையே வேவு பார்த்தார். ஹைக்கோ வந்தான். ஒரு கையில் பேக்கரிப் பொட்டலம், மறு கக்கத்தில் துணி சுற்றிய பலகை போன்ற ஏதோ ஒன்று. பத்து நிமிடம் விட்டு ஃபோல்க்மார் உள்ளே போனார்.

கீழே மேசைமேல் வழவழவென்று ஒரு கருங்கல் பலகை, அளவு பார்க்கும் தளக்கல். அதன்மேல் டிரெய்லரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஹைக்கோ இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். கண்ணில் பழைய லென்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரோஸ்வித்தா பின் அச்சின்மேல் குனிந்திருந்தாள். அவரைப் பார்த்தும் அவள் கையிலிருந்த திருப்புளி ஆடவில்லை. அதுதான் அவருக்கு முதலில் கோபத்தை மூட்டியது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஏப்ரல்லருந்து. பின்னச்சு ரெண்டு மில்லிமீட்டர் கோணல். சக்கரம் உரசிக்கிட்டு நின்னுச்சு," என்றாள் ரோஸ்வித்தா.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா? கோப்பையில பாதிதான் ஊத்திக் குடிக்கிற, சிந்தக் கூடாதுன்னு. உன்கூடத்தானே நானும் சாப்பிடுறேன், எனக்குத் தெரியாதா?"

ஃபோல்க்மார் ஹைக்கோவின் பக்கம் திரும்பினார். அக்டோபரில் கையெழுத்து வாங்குகிற மேசையில் இந்த வருடம் உட்காரப்போவது ஹைக்கோதான் என்பது சங்கத்துக்கே தெரியும்.

"உனக்கென்னய்யா இதுல? நான் பொய்க் கையெழுத்துப் போடணும், நீ எந்திரிச்சு நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். அதுக்குத்தானே தவம் கெடக்குற?"

ஹைக்கோ மறுத்திருக்கலாம். டிரெய்லரை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஆமா. ரோஸ்வித்தா இந்தக் கல்லைக் கேட்டு போன் பண்ணப்ப அப்படி நெனச்சுத்தான் வந்தேன். மாட்டுனான்டா மவனேன்னு. வந்து நீ அடிச்ச பின்வரிசை ரிவிட்டைப் பாத்தேன், எல்லாம் சாஞ்சு கெடந்துச்சு. அதுக்கப்புறம் அந்த நெனப்பு நிக்கல."

"இப்ப?"

"இப்ப செவ்வாக்கிழமை வர்றேன். அவ்வளவுதான்."

இதை நம்புவதா கூடாதா என்று ஃபோல்க்மாருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுங்கள் என்று கத்தினார். ரோஸ்வித்தா லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எனக்குக் கோணலா வைக்கத் தெரியாது. வேணும்னா நீயே வச்சுக்கோ."

அவரே வைத்தார். அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் தொட்ட பன்னிரண்டு நட்டுகளையும் கழற்றினார். பின்வரிசை ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்துவிட்டு, புதிதாக அடித்தார். நாற்பதில் பதினொன்று சாய்ந்தன. அச்சு மூன்று தடவை பூட்டியும் நேராக உட்காரவில்லை. நான்காவது தடவை போதும் என்று விட்டார். எதிர்க்கடை ஆட்களைப் போல அவரும் ரோஸ்வித்தாவும் மூன்று வாரம் ஒரே வீட்டில் நடமாடினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் குப்பைத் தொட்டியை அப்போதும் திறந்து பார்த்தார். பாதாம் இல்லை. யாரும் வரவில்லை. யாரும் வராதது நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் அப்படி இல்லை.

கண்காட்சி அன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். மேசைக்குப் பின்னால் ஹைக்கோ உட்கார்ந்திருந்தான். தாளைத் திருப்பி வைத்தான், பேனாவை நீட்டினான், முகத்தில் ஒன்றும் இல்லை. காத்திருக்கிறான் என்று ஃபோல்க்மாரின் மனசு சொன்னது. பழக்க தோஷம். வழக்கமாக இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். இன்று பிடிக்கவில்லை. கையெழுத்து, கோட்டுக்கு மேலே ஏறி இறங்கி எங்கோ போய் நின்றது. ஹைக்கோ தாளை வாங்கவில்லை. எழுந்து, டிரெய்லரைச் சுற்றி வந்து, குனிந்து பின்வரிசையைப் பார்த்தான். சாய்ந்த பதினொன்றையும் பார்த்திருப்பான். திரும்பி வந்து உட்கார்ந்து முத்திரையைக் குத்தினான்.

"ஓட்டத்துக்கு மூணாவது ஆளு நீ," என்றான்.

ஓட்டம் படுமோசம். லாரி நேராகப் போக, டிரெய்லர் பின்பக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு சாய்ந்தே வந்தது. டாக்ஸ்ஹுண்ட் என்கிற குட்டைக்கால் நாய் அப்படித்தான் ஓடும் என்று, சாய்ந்து வரும் டிரெய்லருக்கு அந்த ஊரில் அந்த நாயின் பெயரே உண்டு. ஒலிபெருக்கிக்காரன் அந்தப் பெயரைச் சொல்ல, மண்டபமே சிரித்தது. பாலத்து வளைவில் இரண்டு கூம்புகள் உருண்டன. ரிமோட்டின் குச்சியைப் பிடித்திருந்த அவருடைய கை எல்லோருக்கும் தெரிகிறபடி ஆடியது. சிரிப்பு மெல்ல அடங்கியதை அவர் கேட்டார். பார்த்துவிட்டார்கள். இத்தனை மாதம் எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. முகம் சுட்டது, அழுகை வருமோ என்றிருந்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை. கடைசிக் கோடுவரை கொண்டுபோனார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரோஸ்வித்தா நின்றிருந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவள்.

"ரெண்டு மில்லி இருக்காது. ரெண்டரை," என்றாள்.

"தெரியும்."

"சரி பண்ணட்டுமா?"

அவர் டிரெய்லரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு கையால் தூக்க முடியவில்லை. மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாக்கிழமை பண்ணு," என்றார். "இன்னிக்கு இது என்னுது. அந்தக் கரடியையும் வரச் சொல்லு, கல்லோட."