அறுபத்து நான்கு கிலோ பென்டிரைவ்

2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், ஷிராஸின் கணினி திருத்தும் கடையிலிருந்த ஒரு பென்டிரைவ் அறுபத்து நான்கு கிலோ எடை இருந்தது. பக்கத்துக் கடை மஹ்ரூப் ஹாஜியார் தன்னுடைய மிளகு நிறுக்கும் தராசிலேயே நிறுத்துப் பார்த்தார். அந்தத் தராசைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டென்றாலும் இந்த விஷயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தபோது அது ஒரு பாக்கின் எடைகூட இல்லை.

கொண்டுவந்தவர் செசிலியா டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் முடித்து, முப்பத்தொரு வருடமாகக் கண்டியில் இருப்பவர். கணவர் இராஜரத்தினம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் பிறப்புப் பத்திரம் முதல் அரிசிக் கூப்பன் வரை வீட்டோடு சேர்ந்து எரிந்த நாளிலிருந்து மனிதருக்குக் காகிதத்தின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. ஓய்வு பெற்றதும் ஒரு பென்டிரைவ் வாங்கி, வீட்டிலிருந்த கடதாசி ஒவ்வொன்றையும் பிரதியெடுத்து அதில் போட்டு, கடவுச்சொல் வைத்துப் பூட்டினார். பூட்டியவர் அந்தச் சொல்லை ஒருவருக்கும் சொல்லாமல் போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இவ்வளவு கவனமான மனிதர்கள்தான் இப்படி ஒன்றை மறப்பார்கள்.

ஜனவரியில் அவர்களுடைய ஒரே மகன் நவரட்ணராஜாவைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்த அசல் கடதாசிகளையும் அள்ளிக்கொண்டு போய், பிறகு காணவில்லை என்று சொல்லிவிட்டார்கள். முந்தின மாதம்தான் யுத்தம் நடக்கும் வன்னியிலிருந்து வந்தவன் என்பது குற்றச்சாட்டு. அவனோ நான்கு வருடமாகப் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி விற்றவன். அந்தக் கடையையும் மூடிவிட்டு முதலாளி வெளிநாடு போய்விட்டார். அவன் கண்டியில் இருந்ததற்கான பொலிஸ் பதிவு, வேலைக் கடிதம், வரவு இடாப்பு எல்லாம் பென்டிரைவுக்குள்தான் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் பிள்ளையைத் தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு கேட்கவே இடமிராது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

கடவுச்சொல் பத்துத் தரம் பிழைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும் என்றான் ஷிராஸ்.

"முதல்ல என்ர பேரைப் போட்டுப் பாருங்கோ தம்பி," என்றார் டீச்சர், கொஞ்சம் வெட்கத்தோடு. அது திறக்கவில்லை. பென்டிரைவ் கால் கிலோவானது. டீச்சருக்கு முகம் சுருங்கிப் போனது. முப்பத்தொரு வருடம் சமைத்துப் போட்ட மனுஷி, வேறென்ன செய்வார்? மகனின் பேருக்கு அரைக் கிலோ, பிறந்த திகதிக்கு ஒரு கிலோ. மடு மாதா என்று போட்டதில் இரண்டு கிலோ. ஒவ்வொரு பிழைக்கும் எடை இரட்டித்தது.

புதன்கிழமை ஒழுங்கை நிறைந்துவிட்டது. த்ரீவீலர்காரர்கள் வண்டியை விட்டுவிட்டு வந்தார்கள். ஹுன்னஸ்கிரிய பஸ்ஸுக்கு நின்ற பாப்பம்மா இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு, "சைக்கிள் நம்பரப் போடுங்க, ஆம்பளைங்களுக்கு அதுதான் மறக்காது," என்று அடித்துச் சொன்னார். அவருடைய யோசனை பென்டிரைவைப் பதினாறு கிலோவாக்கியது. எட்டாவது பிழையோடு மேசைக் கால் முறிந்தது. ஷிராஸ் அதைத் தரையில் வைத்து நீள வயரில் கணினியோடு இணைத்தான்.

வியாழக்கிழமை ஷிராஸின் மனைவி பஸீஹா வந்தாள். அச்சகம் ஒன்றில் தமிழில் கலியாண அழைப்பிதழ் அடிப்பவள்.

"டீச்சர், ஐயா வீட்டுல உங்கள எப்புடிக் கூப்புடுவார்?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லைப் பிள்ளை. எங்கட பக்கத்தில புருஷன்மார் அப்பிடிக் கூப்பிடமாட்டினம். 'இஞ்சாரும்' எண்டுவார், நான் திரும்பிப் பாப்பன்."

ஒழுங்கையே ஆரவாரித்தது. ஷிராஸ் ஆங்கில எழுத்தில் அதை அடித்தான். திறக்கவில்லை. சீமெந்துத் தரை வெடித்து, பென்டிரைவ் அரை அங்குலம் கீழே இறங்கியது. அறுபத்து நான்கு கிலோ. மிச்சமிருந்தது ஒரே ஒரு தரம்.

"நில்லுங்க," என்றாள் பஸீஹா. "ஐயா எழுத்தப் பார்த்தா அடிப்பார்?"

"பாக்கவே மாட்டார். கை தன்ரபாட்டில போகும்."

அப்படியானால் அவர் இங்கிலீஷ் எழுத்தையே கண்டிருக்க மாட்டார் என்றாள் அவள். முப்பது வருடம் தமிழ் மெஷினில் அடித்த விரல்கள், புதுக் கணினியிலும் தமிழ் எழுத்துகளின் பழைய இடங்களுக்குத்தான் போயிருக்கும். அவள் பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடி, 'இஞ்சாரும்' என்பதை அச்சகத்தில் அடிப்பது போலவே அடித்தாள். ஆங்கில எழுத்தில் காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிந்த அந்தக் கண்றாவிக்கு எந்த மொழியிலும் அர்த்தமில்லை. பென்டிரைவ் திறந்தது.

த்ரீவீலர்கள் அத்தனையும் ஹோன் அடித்தன. ஹாஜியார் மிளகுச் சாக்கைத் தட்டிக் கொட்டினார். டீச்சர் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவருக்கு அதுதானே என்ர பேர், எனக்கெல்லோ விளங்கேல்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பென்டிரைவ் மறுபடி பாக்களவு இலேசானது. எடை முழுவதும் அச்சிட்ட தாள்களுக்குப் போயிருந்தது. இருபத்தேழு தாள்கள், ஒவ்வொன்றும் பிரின்டரின் தட்டில் தொம்மென்று விழுந்தன. வெள்ளிக்கிழமை காலை சந்தையில் மூட்டை தூக்கும் இரண்டு பேர் அந்தக் கோப்பைத் தூக்கிவந்து, பிள்ளையைத் தடுத்துவைத்திருந்த அதிகாரியின் மேசையில் வைத்தார்கள். அவருக்கு ஒரு பழக்கமிருந்தது. வரும் கோப்பை மேசை லாச்சிக்குள் தள்ளி, அடுத்த கிழமை வரச் சொல்வார். லாச்சிக்குள் போனது எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரமில்லை. அன்றும் தள்ளிப் பார்த்தார். எழுந்து நின்று தள்ளினார். பியோனையும் கூப்பிட்டுத் தள்ளினார். அசையவில்லை. அகற்ற முடியாத ஒன்றை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல், இருபத்தேழு தாளையும் வாசித்துவிட்டுப் பின்னேரம் நான்கு மணிக்குக் கையொப்பமிட்டார். சனிக்கிழமை நவரட்ணராஜா வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. அதிகாரிகள் மாறினார்கள். கோப்பு மட்டும் அந்த மேசையிலேயே இருக்கிறது. பெயின்ட் அடிக்க மேசைகளை நகர்த்தியவர்கள் அந்த மேசையை விட்டுவிட்டார்கள். பிள்ளையைத் தேடி அந்த அறைக்கு வரும் தாய்மார், கொண்டுவந்த கடிதத்தை முதலில் அந்தக் கோப்பின் மேல் சற்று வைத்திருந்து, பாரம் ஏறிவிட்டதா என்று கையில் தூக்கிப் பார்த்து, பிறகுதான் நீட்டுகிறார்கள்.