கழுவிய கை

1

இந்தக் கதை எனக்கு வயிற்றெரிச்சலில் வந்தது. பறவையைப் பார்த்தேன், மழையைப் பார்த்தேன், கதை வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் பார்த்தது ஒரு மனிதனின் வெறும் புறங்கை. அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் குற்றம்.

முதல் வரியைப் பலமுறை எழுதினேன்.

"தொற்றுநோய்ப் பரவலைக் கருத்தில் கொண்டு மாநிலங்களுக்கிடையேயான போக்குவரத்து தடை செய்யப்பட்டிருந்த அந்நாட்களில்..."

(வேண்டாம். இது அதிகாரிகள் ஒலிபெருக்கியில் பேசுகிற மொழி. எனக்கு எழுத்து வந்ததே நாற்பதைத் தாண்டித்தான். வந்ததை இதற்கா செலவழிப்பது?)

"அக்காவுக்காகக் கையெழுத்துப் போட ஒரு தம்பி புறப்பட்டான்."

(இது இருக்கட்டும்.)

2

அந்தத் தம்பிக்கு ஐம்பது வயது. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடி, சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதனால், அவரோடு ஒரே அறையில் அடைபட்டிருந்த நாங்கள் வைத்த பேர் ரசமட்டம். [நடுவில் குமிழி ஓடும் சின்னக் கட்டை. தரை சமமா, சாய்வா என்று சொல்லிவிடும். பொய் சொல்லாது.]

எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்து ஆஸ்பத்திரியில் அவருடைய அக்கா வயிற்றுக் கட்டியோடு படுத்திருந்தாள். ஆபரேஷனுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதாதாம். ரத்த உறவு ஒருவர் நேரில் வந்து போட வேண்டுமாம். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருப்பது ரசமட்டம் ஒருவர்தான்.

எல்லைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். தாண்டுவதற்கு முன் பதினான்கு நாள் தனிமையாம். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில், வகுப்பறைக்குப் பத்துப் பேராக எங்களை அடைத்தார்கள். பத்துப் பேரை ஓர் அறையில் போட்டுவிட்டு அதற்குத் தனிமை என்று பேர் வைத்த புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் புறங்கையிலும் தேதி போட்ட ஊதா முத்திரை. ரசமட்டத்தின் பதினான்காம் நாள் வியாழக்கிழமை. அக்காவுக்கு ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. கணக்காக வந்துவிட்டது என்று அவர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

ஜன்னலில் நின்றால் சாவடி தெரியும். லாரிகள் நிற்காமல் தாண்டும். ஒன்றில் டைல்ஸ் பெட்டிகள்.

"பாருங்கப்பா, நான் ஒட்டுற கல்லு போகுது, நான் போகக் கூடாதாம்," என்றார். "என்னையும் ஒரு பெட்டியில போட்டு, உடையும் பொருள், மெதுவா இறக்கவும்னு எழுதிடுங்க."

"நீ எங்கய்யா உடையுற? நாலு பேரை உடைப்ப," என்றார் எங்கள் அறையில் இருந்த பெயிண்டர்.

3

இந்த இடத்தில் எனக்கே என் ஆள் மேல் சந்தேகம் வந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் செய்ததை நீங்கள் நம்புவீர்களா?

பள்ளிக்கூடத்துக் குளியலறைத் தரை பாசி பிடித்து வழுக்கியது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கறுப்பு. யாரும் சொல்லவில்லை. அவருக்குத்தான் பொறுக்கவில்லை. காவல்காரரிடம் ஆசிட் பாட்டில் வாங்கி, உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து, இடுக்கு இடுக்காகத் தேய்த்து முடித்தார். முகம் பார்க்கலாம் போலிருந்தது. பிறகு, முப்பது வருஷமாக வேலை முடிந்ததும் செய்வதையே செய்தார். ஒரு மக் தண்ணீரில் துளி ஆசிட் விட்டு, புறங்கையை உப்புத்தாளால் தேய்த்தார். சிமெண்ட் போக அப்படித்தான் தேய்ப்பார்கள். அன்று கையில் சிமெண்டே இல்லை. கைக்கு அது தெரியுமா?

அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர், "சாப்பாடு வந்துடுச்சு, கையை நல்லாக் கழுவிட்டு வா!" என்று கத்தினார்.

(யாரோ ஒருவர் இல்லை. நான்தான். மூன்று பிரதிகளில் அந்த 'யாரோ'வுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாலாவதில் முடியவில்லை.)

சிவந்த கையோடு வெளியே வந்தார். முத்திரை போயே போய்விட்டது.

"என்ன மாப்ள, கை இப்படிப் பளபளங்குது? பொண்ணு பார்க்கப் போறியா?" என்றார் பெயிண்டர். எல்லோரும் சிரித்தோம். ரசமட்டமும் சிரித்தார்.

4

வியாழக்கிழமை காலை. வராந்தாவில் மேசை, மேசைக்குப் பின்னால் முத்திரைக்காரர்.

"கையக் காட்டு. முத்திரை எங்க?"

"கழுவுறப்போ போயிடுச்சு சார்."

"சும்மா போற மை இல்லையே அது. யாரு உன்னை அப்படிக் கழுவச் சொன்னது?"

பெயிண்டர் விரலை நீட்டினார். "உங்க தலைக்கு மேல ஒட்டியிருக்கு சார்."

சுவரொட்டியில் கொட்டை எழுத்து: கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

"நக்கலா?"

ரசமட்டம் அடையாள அட்டையை நீட்டினார்.

"இது நீ யாருன்னு சொல்லுது. பதினாலு நாள் இங்க இருந்தேன்னு சொல்லலையே."

"நோட்டுல பேரு இருக்குமே சார்."

"வந்தது இருக்கு. நடுவுல வெளிய போயிட்டு வரலைன்னு யாரு சொல்றது?"

"நாங்க சொல்றோம்," என்றோம் அத்தனை பேரும்.

"நீங்க உள்ள இருக்கிறவங்க. சாட்சி வெளியாளா இருக்கணும்."

"வெளியாள் உள்ள வரக் கூடாதுன்னு நீங்கதான சார் வாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ரசமட்டத்தின் கையை இழுத்து வைத்துப் புது முத்திரை குத்தினார். "இன்னைல இருந்து பதினாலு."

"சார், நாளைக்கு என் அக்காவுக்கு ஆபரேஷன்."

"தனியா மனு எழுதிக் குடு. ஏழு நாள்ல பதில் வரும்."

5

முடிவு ஒன்று: ரசமட்டம் பின்சுவர் ஏறிக் குதித்து, வாய்க்கால் வழியாக...

(அடித்துவிட்டேன். பிடிபட்டால், 'பார்த்தீர்களா, நோயைப் பரப்புவது இவர்கள்தான்' என்பார்கள். தப்பித்துப் போனால், 'வழிதான் இருந்ததே' என்பார்கள்.)

முடிவு இரண்டு: முத்திரைக்காரர் வீட்டுக்குப் போகிறார், மனம் கேட்கவில்லை, திரும்பி வந்து...

(வரவில்லை. அவருக்கு நான் எதற்கு நல்ல பேர் வாங்கித் தர வேண்டும்?)

முடிவு மூன்று: அக்கா

(அதற்கு மேல் எழுதவில்லை. அவளைக் காகிதத்தில்கூட ஒன்றும் செய்ய எனக்கு உரிமை கிடையாது.)

ஒன்று சொல்லிவிடுகிறேன். நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. என்னோடு மூட்டை தூக்கியவர்கள் இரண்டு பேர் அதில் போய்ச் சேர்ந்தார்கள். விதி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொன்னபடியெல்லாம் இருந்த மனிதன் முழுசாக எதிரே நிற்கிறான். அவனை விட்டுவிட்டு மையைத் தேடுகிறீர்களே, இது எந்த நோய்க்கு மருந்து?

6

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. எனக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி, அதனால் பக்கத்தில்தான் இருந்தேன். ரசமட்டத்தின் ஃபோன் அடித்தது.

"தம்பிங்களா? நர்ஸ் பேசுறேன். டாக்டர் பதினோரு மணி வரைக்கும்தான் இருப்பாரு. உங்க அக்காவை உள்ள கூட்டிட்டுப் போகணும். எங்க வந்துட்டிருக்கீங்க?"

பின்னாலிருந்து மெலிதாக இன்னொரு குரல்: "அவசரப்படுத்தாதம்மா. வந்துடுவான் அவன்."

ரசமட்டம் ஃபோனை என் பக்கம் நீட்டினார். "நீ சொல்லுப்பா. உனக்குத்தான் எழுதவெல்லாம் வருதே."

வாங்கினேன். எனக்கும் வரவில்லை.

அதனால் ஃபோனை உங்களிடம் தருகிறேன். உங்களுக்கென்று ஒரு மேசை இருந்தால், மேசையில் ஒரு முத்திரையும் இருந்தால், முதலில் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாதவர்களும் வாங்கலாம். நர்ஸ் இன்னும் லைனில்தான் இருக்கிறார். சாவடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம்தான்.

எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.