வலைக்கு வராதது

பிடிச்சதைத் தின்கிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை, குருவிக் காலில் ஒரு தகட்டு வளையத்தை மாட்டிப் பறக்க விடுகிறான், இதற்கு ஒரு படிப்பு, இதற்கு ஒரு காலேஜ், இந்தக் காலத்து ஆட்களுக்குக் கையில் கிடைத்ததை வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை, விட்டுத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் தெரியவில்லை... மூக்கன் காறித் துப்பிவிட்டுக் கருவேலம் புதர் ஓரமாகக் குந்தினார். குளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் அது, தண்ணீர் வற்றி நடுவில் ஒரு குட்டைதான் கிடந்தது, வைகாசி வெயில் காலையிலேயே முதுகைத் தீய்த்தது. திருச்சி காலேஜ் வாத்தியார் செபமாலை குடையை விரித்துக்கொண்டு வலையையே பார்த்திருந்தார். கோடை முழுக்க ஒரே இடத்தில் ஒரே வலையைக் கட்ட வேண்டுமாம். ஒருதரம் கட்டின இடத்தில் மறுதரம் கட்டுவானா எவனாவது, வலை போட்டே பிழைத்தவனிடம் வந்து... சொன்னால், இடத்தை மாற்றினால் கணக்குக் கெட்டுப்போகும் பெரியவரே என்கிறார். எவன் வீட்டுக் கணக்கு? வளையத்தில் என்னமோ பொடி எழுத்து இருக்கிறது, யுத்த காலம் வேறு, குருவிக் காலில் சேதி கட்டி அனுப்புகிறார்களோ என்னவோ, மூக்கன் வாசிக்கவா போகிறார். குருவி எதுவரைக்கும் பறக்கும், மலாயாவரைக்கும் போகுமா... சீ, அங்கிட்டுப் போகாதே மனசே.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார், கண்ணு கண்மாய்க் கரைக்கே போனது. புளியமரத்தடியில் உடையப்பன், மருமகள் செவந்தியின் அண்ணன், கூட அவன் ஊர்ப் பெரிய ஆட்கள் ரெண்டு பேர், விடியலிலேயே வந்துவிட்டார்கள். மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போன மகன் மலையாண்டியிடமிருந்து, சப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு ஒரு சேதியும் கிடையாது, மறுகோடையும் வந்துவிட்டது, எங்க பிள்ளையைத் தீர்த்துவிடுங்க, வேற எடத்துல கட்டிக்கொடுக்கிறோம் என்கிறார்கள். புருசன் ஒரு துரும்பைக் கிள்ளிக் கொடுத்தால் கல்யாணம் தீர்ந்தது, புருசன் இல்லாத இடத்தில் மாமனார் கொடுக்கலாம், சாதி வழக்கம்தான், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஒரு வைக்கோல் துரும்பு... அதற்குத்தான் கை வரவில்லை. கொடுத்தால் என் மகன் செத்தான் என்று நானே சொன்ன மாதிரி இல்லையா? ஒருநாள் பெட்டியும் கையுமாக வந்து நிற்பான், செவந்தி எங்கே என்பான், அப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு... வலைக்குப் போயிட்டு வாரேன், பிறகு பேசுவோம் என்று நழுவி வந்தாயிற்று. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். அவளா இப்படி? கஞ்சியில் உப்பு இல்லை என்றால், உங்க மகனுக்குச் சொல்லிவிடுங்க மாமா, கப்பல்ல வரும் என்பாளே, அந்த வாய் எப்போது அடங்கியது?

வலை குலுங்கியது. கொண்டைக்குருவி, காலில் ஏற்கெனவே வளையம். நூலை விலக்கி எடுத்துக் கழுத்தை ரெண்டு விரலுக்கு நடுவில் அணைத்துக்கொண்டு வந்தார். வாத்தியார் எழுத்தைப் பார்த்தார், பங்குனியில் ஜோடியாக விழுந்ததில் ஒன்று இது, இது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, மற்றது அப்புறம் வரவே இல்லை என்றார். மூக்கனுக்கு நாக்கு நிற்கவில்லை.

"அப்ப அது செத்துப்போச்சுன்னு எழுதிருவீங்களா?"

"எப்படி எழுத முடியும்? வரலைன்னுதான் எழுதுவோம்."

அப்படிப் போடு, படிச்சவரே சொல்லிவிட்டார், இதை அப்படியே கொண்டுபோய் உடையப்பன் மூஞ்சியில்... நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. அதற்குள் வாத்தியார் குனிந்து குருவியின் வயிற்றில் ஊதினார், முடி விலகிச் செக்கச்செவேல் என்று வெறும் தோல் தெரிந்தது. "பாருங்க, அடைகாக்குது. வெரசா விடுங்க பெரியவரே, கூட்டுல முட்டை கெடக்கும்."

தெரியாதா என்ன, எத்தனை குருவிக்கு முடி பறித்திருப்பார், இந்த மாதத்தில் வயிறு இப்படித்தான் இருக்கும், ஆனால் கறியைத்தான் பார்த்திருக்கிறார், அடையை எங்கே பார்த்தார்? வராததை வரலைன்னு எழுதிவிட்டு இவர் திருச்சிக்கு ரயில் ஏறிவிடுவார், வந்தது என்ன செய்யும்? கை சுட்டது, குருவி சூடா தன் கைச் சூடா... அது துடிக்கவே இல்லை. விரலை விரித்தார். விரித்தும் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே கிடந்தது, பிறகுதான் விசுக்கென்று போனது.

"குருவி வேற, மனுசன் வேற."

இதை யார் கேட்டார்கள் என்று வாத்தியார் விழித்தார். அடுத்த தடவைக்கு வேற ஆளைப் பாருங்க, எனக்கு இதுல ஒண்ணும் நம்பிக்கை இல்லை என்று மூக்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மனசு மாறி ஒன்றும் இல்லை, ஊருக்குப் போகிற தடம் புளியமரத்தடி வழியாகத்தான் போகிறது. வருவான், ஏன் வரமாட்டான், தினமும் பொழுது சாயச் சாயச் சொல்கிறேனே, வருவான் ஆத்தா, வருவான்... அவள் கேட்டுக்கொண்டு விளக்கைத் தூண்டுவாள். ஆமாம் மாமா என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறாளா? இல்லை என்றும் சொன்னதில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் அவள் யாருக்காக அந்த வீட்டில்... உடையப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொள்வது தெரிந்தது, மூக்கன் நடையைக் குறைத்தார், நிற்கவில்லை.