மீட்டருக்குள் சாக்லேட் தாள்

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்திய இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை அது. அவனுக்குக் கை வேகம், அவளுக்கு நிதானம். கடைக்குப் பேர் கிடைத்ததே தன் வேகத்தால்தான் என்று அவன் பீற்றிக்கொள்வான். அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள்.

அன்று காலை இன்வெர்ட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க, தன் மேசை மல்டிமீட்டரின் முனைகளை மெயின் லைனில் வைத்தாள். படாரென்று வெடித்தது. மீட்டரின் முதுகு பிளந்து, உருகிய பிளாஸ்டிக் அவள் விரல்களில் அப்பிக்கொண்டது. கடை முழுக்க இருண்டது.

அண்ணன் ஓடிவந்து கையில் தண்ணீர் ஊற்றினான்.

“வயரு ஆம்பியர் ஓட்டைல இருக்கு, அப்படியே மெயின்ல வச்சா ஷார்ட் ஆகும்ல, பாத்து வைக்கக்கூடாதா?”

நேற்று அதை அங்கே செருகியவன் அவன்தான். ஆனாலும் பார்க்காமல் வைத்தது தன் பிசகு என்றே அவள் எடுத்துக்கொண்டாள். ஒன்று மட்டும் மனசில் உறுத்தியது. இப்படி யாராவது அசந்துபோனால் காப்பாற்றத்தானே மீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறது? அது ஏன் எரிந்து அறுபடவில்லை?

கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, இடது கையால் மீட்டரைக் கழற்றினாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாக்லேட் சுற்றிவரும் அலுமினியத் தாள் கருகிக் கிடந்தது. ஓரத்தில் பழுப்பாகப் பிசுக்கு. அதில் ஒட்டிச் செத்த எறும்புகள். தீய்ந்த இனிப்பு வாடை குப்பென்று அடித்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

“ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு, அதான் தாளச் சுத்தி விட்டேன்,” என்றான். “அதுக்குத்தான் நான் அத மெயின் பக்கமே கொண்டுபோறதில்ல. புதுசு வாங்கிட்டேன்ல.”

சொல்லிவிட்டு விரலை நக்கினான்.

புது மீட்டர் வாங்கிய அன்று, ‘பழச நீயே வச்சுக்கோ’ என்று அவன் தாராளமாகக் கொடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய், ஈயம், சோறு எல்லாம் கலந்த விரல்கள். பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மீட்டரின் வயரைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டாள். அந்த வாரமே தெருக்கோடியில் ஓர் அறை பிடித்துத் தன் மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தேடி வந்து கெஞ்சினாள்.

“கூடப் பொறந்தவன்டி. தெரியாம பண்ணிட்டான்.”

“தெரிஞ்சுதாம்மா என் கைல குடுத்தான்.”

அம்மா அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.