இத்தாவுக்குக் கட்டம் இல்லை

தஸ்லிமா வீட்டில் எல்லாவற்றுக்கும் அண்ணன் ஜைதின் நம்பர்தான். கேஸ், கரண்டு பில், ரேஷன் கார்டு, இவள் காலேஜில் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்தது, எதுவானாலும். அந்தத் தெருவில் அப்படித்தான் வழக்கம். சவூதியிலோ குவைத்திலோ எவன் இருக்கிறானோ அவன் நம்பர்தான் வீட்டுக்கு விலாசம். பொம்பளைகள் நம்பரைக் கண்ட ஆபீஸில் எழுதி வைப்பானேன் என்று ஒரு எண்ணம். சம்பாதிக்கிற பிள்ளையின் நம்பரைச் சொல்வதில் ஒரு பெருமை. காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவிக் கூவித் தொண்டை கட்டி வருகிற அத்தா நசுருதீன், வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யப் போன இடத்திலும் மகன் நம்பரையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

ஜைத் சவூதியில் தம்மாமில் இறங்கிய கையோடு அந்த ஊர் சிம்முக்கு மாறிவிட்டான். பழையது ரீசார்ஜ் இல்லாமல் செத்துப் பெட்டியில் கிடந்தது.

வீட்டைக் காலி செய்யக் கேட்டு உரிமையாளர் வழக்குப் போட்டது, விசாரணைக்கு வரச் சொன்னது, வராததால் ஒருதலையாய்த் தீர்ப்பானது, எல்லாச் செய்திகளும் அந்தச் செத்த சிம்முக்குத்தான் போயின. தீர்ப்பாயத்தின் புது ஆன்லைன் விதிப்படி, பதிவான நம்பருக்கு அனுப்பிவிட்டால் போதும், போய்ச் சேர்ந்ததாகவே அர்த்தம். அந்த மாதங்களில் அத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு மவுத்தானார்.

நோட்டீஸ் கொடுக்க ஓர் ஆள் வராத வீட்டுக்கு, காலி செய்ய மட்டும் ஆள் வந்தார். கிளமென்ட் என்கிற கோர்ட் அமீனா.

"நசுருதீன்னு பேர்ல ஆர்டர் இருக்கு. அவரைக் கூப்பிடுங்கம்மா."

"கபர்ஸ்தானுக்குப் போய்க் கூப்பிடுங்க" என்றாள் தஸ்லிமா.

கிளமென்ட் செருப்பைக் கழற்றினார். உள்ளே வரவில்லை. சும்மா கழற்றிவிட்டு நின்றார். "மன்னிச்சுக்கங்க. அடுத்த வியாழக்கிழமை வரணும்னு போட்டிருக்கு. அதுக்குள்ள ஒரு வக்கீலைப் பாருங்க."

உள்ளறையில் அம்மா ரோஷன் பேகம் இத்தாவில் இருந்தார். புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் பெண்சாதி அந்த வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பாதிதான் முடிந்திருந்தது. "வீடு போனா போவட்டும்மா" என்றார். "உங்கத்தா கண்ணை மூடுன வீட்டுல இத்தாவை மட்டும் முடிச்சிக்கிறேன். அதுக்கு மட்டும் டயம் கேளு."

அவ்வளவுதான் கேட்கப்பட்டது. வீடு இல்லை, இரண்டு மாத அவகாசம். அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் தஸ்லிமா. நியாயத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் உலகம் காது கொடுக்கும் என்று நம்புகிற அளவுக்குத்தான் படித்திருந்தாள்.

வக்கீல் ரெஜிஸ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். வாரிசு என்று அம்மாவின் பெயரை எப்படியோ ஏற்றிவிட்டார். அவகாசம் கேட்கிற பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: உடல்நலக் குறைவு, இயற்கைச் சீற்றம், தேர்தல் பணி. ஒன்றில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம் வரும்.

"மற்றவைன்னு ஒண்ணு இருக்குமே சார்?"

"இல்லியே."

"தேர்தல் பணிக்குக் கட்டம் இருக்கு, புருஷன் செத்தவளுக்கு இல்லையா? யார் சார் போட்டா இதை?"

"கமிட்டி."

"சட்டசபையில இல்லையா?"

"சட்டம் என்ன சொல்லுதுன்னா, நடைமுறை விதிகளைக் கமிட்டியே போட்டுக்கலாம்னு சொல்லுது. கமிட்டி போட்டுக்கிச்சு. அத்தோட அவங்க வேலை முடிஞ்சுது."

"அந்தக் கமிட்டியில ஒருத்தராவது வாடகை வீட்டுல இருக்காங்களா?"

ரெஜிஸ் சிரித்துவிட்டார். "விதி போடுறதுக்கு முன்னாடி பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்டாங்கம்மா."

"எங்க தெருவுக்கு யாரும் வரலையே."

"வெப்சைட்ல கேட்டாங்க."

தஸ்லிமாவுக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. மேஜையில் இருந்தது ரெஜிஸ் குடித்துக்கொண்டிருந்த டீ மட்டும். கமிட்டியின் மெயில் முகவரியை வாங்கி அங்கேயே உட்கார்ந்து நீளமாய் எழுதி அனுப்பினாள். அடுத்த நொடியே பதில் வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த விதித் திருத்தத்தின்போது பரிசீலிக்கப்படும்.

"உடம்பு சரியில்லைன்னு டிக் பண்றேன்" என்றார் ரெஜிஸ். "ஒரு டாக்டர் சர்டிபிகேட் மட்டும் வாங்கிடு. சுகர் இருக்கும்ல?"

அம்மாவுக்குச் சுகர் இல்லை, பிரஷர் இல்லை. பொய்ச் சர்டிபிகேட் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத்தாவுல உக்காந்துக்கிட்டு, இத்தாவுக்காகப் பொய் சொல்லச் சொல்றியா? அதுக்கு நான் ரோட்டுலயே இருந்துடுவேன்."

ஆகவே தஸ்லிமா உரிமையாளரைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினாள். உத்திர வீதியில் வீடு. சௌரிராஜன் வாசலுக்கே வந்தார்.

"நசுருதீன் பாய் பொண்ணா? வாங்கோ, உள்ள வாங்கோ. பாய் சௌக்கியமா?"

சொன்னாள். அவர் அப்படியே ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். "பெருமாளே! நேக்கு ஒருத்தரும் சொல்லலையே. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு தார் பூவன்பழம் கொண்டு வந்து கொடுப்பாரே."

வழக்கு நடந்ததே அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. வீட்டை டல்லாஸில் இருக்கும் மகன் வரதன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டார். வழக்குப் போட்டதும் ஜெயித்ததும் வரதன்தான், அங்கே இருந்தபடியே.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன் ஐயா."

"என் வார்த்தையா?" என்று மகளைப் பார்த்தார். மகள் சுபஸ்ரீ காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்காத்துல சிலிண்டர் தீர்ந்தாலே டல்லாஸ்ல அவனை எழுப்பணும். ஓடிபி அவனுக்குத்தான் போகும். உங்களுக்குக் கேஸ், எங்களுக்கும் கேஸ்தான், போங்கோ."

தஸ்லிமாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

ஸ்பீக்கரில் வரதனைக் கூப்பிட்டார்கள். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா நான் ரூல்படிதானே போயிருக்கேன்? நோட்டீஸ் போச்சு, நீங்க வரலை. பில்டருக்குத் தேதி கொடுத்தாச்சு."

"வீட்டைக் கேக்கலைங்க. ரெண்டு மாசம் கேக்கறோம்."

"கோர்ட் கொடுத்தா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க."

"டேய் வரதா, நீயே கொடேன்டா" என்றார் சௌரிராஜன்.

"அப்பா, அதுக்குத்தானே கோர்ட் இருக்கு."

சர்டிபிகேட் இல்லாமலே உடல்நலக் கட்டத்தில் டிக் அடித்து ரெஜிஸ் மனுவை ஏற்றியிருந்தார். விசாரணை திங்கட்கிழமை. தஸ்லிமா காலையிலேயே தீர்ப்பாயம் இருக்கிற கன்டோன்மென்டுக்குப் போய்விட்டாள், நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று. நேரில் பார்க்க விதி இல்லை, விசாரணை வீடியோவில்தான். நீதிபதி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். இவள் கதவுக்கு இந்தப் பக்கம், தாழ்வாரத்தில், ரெஜிஸ் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீதிபதி பேசினால் முதலில் கதவு வழியாகக் கேட்டது. பிறகுதான் போனில் உதடு அசைந்தது.

"கதவைத் தட்டட்டுமா சார்?"

"பைத்தியமா? லிங்க்கை கட் பண்ணிடுவாங்க."

அவர்கள் வழக்கு வந்தது. நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி. மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உடல்நலக் குறைவுன்னு இருக்கு. சர்டிபிகேட் இல்லையே. என்ன உடம்புக்கு?"

ரெஜிஸ் வாயைத் திறப்பதற்குள் தஸ்லிமா சொல்லிவிட்டாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க மேடம். அம்மா இத்தாவுல இருக்காங்க. அதுக்குக் கட்டம் இல்லை."

ரெஜிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இத்தா எனக்குத் தெரியும்மா. எதிர் வீட்டுல பாத்திருக்கேன். ஆனா எதுக்கெல்லாம் அவகாசம் தரலாம்னு விதியிலேயே பட்டியல் போட்டுட்டாங்க. அதைத் தாண்டி நான் எழுதினா சிஸ்டமே ஏத்துக்காது. முன்னாடி எங்க கையில கொஞ்சம் இருந்தது. இப்ப இல்லை."

"யார் கையில இருக்கு மேடம்?"

"விதி போடுற கமிட்டிகிட்ட."

"அவங்க அடுத்த திருத்தத்துல பாக்கறோங்கறாங்க. எங்கம்மாவுக்கு வியாழக்கிழமைங்க." குரல் உடைந்ததை மறைக்கக் கத்தினாள். "அப்ப நீங்க எதுக்கு மேடம் அங்க உக்காந்திருக்கீங்க?"

போனில் இவள் மைக் அணைக்கப்பட்டது. கதவு வழியாக நிச்சயம் கேட்டிருக்கும். கேட்டது என்று பதிவில் ஏறாது. 'மனு தள்ளுபடி' என்ற சொல் கதவுக்குப் பின்னால் ஒரு தரம், கையில் ஒரு தரம் கேட்டது.

வியாழக்கிழமை கிளமென்ட் வந்தார். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாகவே வந்தார், வேண்டுமென்றே. சாமான்கள் முந்தின நாளே அடுத்த வீட்டு லூர்துராணியின் மாடிக்குப் போயிருந்தன. அறையை ஒழித்துக் கொடுத்து, ஜன்னலுக்குப் போர்வையும் கட்டி வைத்திருந்தாள் லூர்துராணி. "எங்க வீட்டு ஆம்பளைங்க மாடிப் பக்கமே வர மாட்டாங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சுவருக்கு மேலாகவே சொல்லியிருந்தாள்.

அம்மாவுக்கு மிச்சமிருந்தது ஒரு சந்தேகம், இத்தாவில் வீடு மாறலாமா என்று. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னார். ஹஜ்ரத் யோசிக்கக்கூட இல்லை. "வீட்டுச் சொந்தக்காரர் வெளியேத்தினா அது நிர்ப்பந்தம்மா. பக்கத்துல ஒரு வீட்டுல இருந்து மிச்ச இத்தாவை முடிச்சுக்கச் சொல்லுங்க. மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்கு."

"கேட்டியா?" என்றார் அம்மா. "அல்லா இடம் வெச்சிருக்கான்."

வெள்ளைத் துப்பட்டியை முகம் மூடப் போர்த்திக்கொண்டு வாசற்படி வரை வந்தார். அங்கே நின்றுவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது, கால்தான் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

"நான் திரும்பி நின்னுக்கறேங்க" என்று கிளமென்ட் தெருவைப் பார்த்துத் திரும்பினார். அரசாங்கம் கொடுத்த போன் அவர் கையில் மினுங்கியது. காலி வீட்டைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மறுநாள் போலீஸோடு வர வேண்டும். "மெதுவா வாங்கம்மா. அவசரமில்ல." சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். பார்த்ததற்கு வெட்கப்பட்டவர்போல் கையை இறக்கிக்கொண்டார்.

"கொஞ்ச நேரம்டி" என்றார் அம்மா துப்பட்டிக்குள்ளிருந்து. "இப்படியே கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

தஸ்லிமா கமிட்டியிடம் கேட்டாயிற்று. டல்லாஸிடம் கேட்டாயிற்று. மூடிய கதவிடமும் கேட்டாயிற்று. எல்லோருக்கும் வருத்தம். ஒருவரும் அம்மாவைத் தொடவில்லை. தொடுகிற வேலை இவளுக்கென்று மிஞ்சியிருந்தது.

நிலையில் இருந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"வாங்கம்மா" என்று இழுத்தாள்.