முன்னறைக்காரர்

பாட்டில் பார்ப்பது என் தொழில். வெள்ளை டியூப்லைட்டுக்கு முன்னால் பெல்ட்டில் வரிசையாகப் பாட்டில்கள் ஓடிக்கொண்டிருக்கும். விரிசல் விட்டது, குமிழி விழுந்தது எது வந்தாலும் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட வேண்டும். பத்து வருடம் நின்றுகொண்டே பார்த்தேன். கண் எரிந்தது, கால் வீங்கியது, சம்பளம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அப்போதுதான் அந்தப் படுபாவி ஏஜென்ட் வந்தான். "கடல் தாண்டினா இதே வேலைதாண்ணே. சம்பளம் ரெண்டு மடங்கு. அதுவும் உக்காந்துக்கிட்டே பாக்கலாம்" என்றான். மனுஷன் சம்பளத்தில் விழுவான். நான் நாற்காலியில் விழுந்துவிட்டேன்.

"அதுவும் நம்மள மாதிரி இல்லாதப்பட்ட நாடுதானே?" என்றாள் என் மனைவி. "அங்க மட்டும் பணம் மரத்துலயா காய்க்குது?"

"ஆரம்பிச்சுட்டியா? நல்லதா ஒரு வார்த்தை வருமா உன் வாயில?" என்று எரிந்து விழுந்தேன். மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சரிப்பா என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

போய் இறங்கியதும் ஒரு வீட்டின் முன்னறையைக் காட்டினார்கள். உள்ளே வீட்டுக்காரப் பெண்ணும் அவளுடைய சின்ன மகளும் இருந்தார்கள். "என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குப் போயிருக்காரு. அவர் பணம் வர்ற வரைக்கும் உங்க வாடகையிலதான் எங்க அடுப்பு எரியணும்" என்றாள். அவர்கள் பாஷை வேறு. ஆரம்பத்தில் பாதி புரியும், பாதி புரியாது. போகப் போகப் பழகிவிட்டது. அதனால் எல்லாரும் பேசியதை நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டிலுக்கு அடியில் அவள் கணவனின் பழைய செருப்பு கிடந்தது. பாத்ரூம் போகப் போட்டுக்கொண்டேன். குதிகாலும் கட்டைவிரலும் பதிந்து பதிந்து தேய்ந்த பள்ளத்தில் என் கால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. நல்லதாப் போச்சு, ஒரு செலவு மிச்சம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மரமண்டை.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. "என்னப்பா, லீவு முடிஞ்சுதா?" என்றார்.

"சார், நான் புதுசு."

"வந்ததும் வராததுமா விளையாடாத. போய் உன் இடத்துல உக்காரு."

பக்கத்து நாற்காலிக்காரன் தன் பன்னில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். "போன மாசம் நீ எனக்குக் குடுத்தியே, அதுக்கு" என்றான். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏஜென்ட் சொன்ன நாற்காலி இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மணி அடிக்கிற வரை கதவைப் பூட்டிவிடுவார்கள். ஒண்ணுக்குப் போகக் கை தூக்கிக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் கம்பெனியில் நாற்காலி கிடையாது, ஆனால் வெளியே போய் ஒரு டீ குடித்து முதலாளியை நாலு திட்டு திட்டிவிட்டு வரலாம். இங்கே மின்விசிறி உண்டு, முகமூடிக்குக் காசு பிடிப்பார்கள். அங்கே முகமூடி சும்மா தருவார்கள், மின்விசிறிதான் ஓடாது. இரண்டு மடங்கு சம்பளம் என்றானே, அது இரண்டு ஷிப்ட் பார்த்தால்! அறை வாடகை, பஸ், ஏஜென்ட் பங்கு எல்லாம் போக என் கையில் மிஞ்சியது ஊரில் மிஞ்சியதுதான். இதற்கா விமானம் ஏறினேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டேன்.

"கம்பெனியில உங்க இடத்துக்கு வெளிநாட்டு ஆளு ஒருத்தர் வந்திருக்காரு. தங்க இடமில்லாம நின்னாரு, நம்ம முன் ரூமை வாடகைக்கு விட்டுட்டேன்" என்றாள்.

"என்னது? யாரைக் கேட்டு விட்ட?"

"நீங்க ஒழுங்கா அனுப்பினா நான் ஏன் விடறேன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரப் பெண் போனில் கத்தினாள். "நீங்க ஒழுங்கா அனுப்பினா நான் ஏன் விடறேன்?"

அதே வார்த்தை. அதே ஆத்திரம். கதவைத் தட்டி, "உங்க வீட்டுக்காரர் எந்த ஊர்ல இருக்காருங்க?" என்று கேட்டேன். அவள் என் ஊரின் பெயரைச் சொன்னாள்.

"என்ன வேலை?"

"பாட்டில் பாக்கற வேலைதான். ரெண்டு மடங்குன்னு ஏஜென்ட் சொன்னானாம். போனா நாள் பூரா நிக்கணுமாம், பாவம். வெளியில விடுவாங்கன்னு ஆசைப்பட்டுப் போனாரு."

போனை அவள் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவனும் சூடான பேர்வழிதான். "என் வீட்டுல உனக்கென்னய்யா வேலை?" என்றான். "என் வீட்டுல உனக்கென்னய்யா வேலை?" என்றேன் நானும். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்சம் ஆறி, எல்லாப் பிடித்தமும் போக என்ன மிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். அவனுக்கும் பழைய மிச்சம்தான். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு முட்டாள்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் அவன் குரல் இறங்கியது. "அண்ணே, ஒண்ணு சொல்லணும். உங்க பொண்ணு என்னை அப்பான்னு கூப்பிடுது. நானும் திருத்தறேன், கேக்க மாட்டேங்குது."

இங்கே அவன் மகளும் இரண்டு நாளாக என் காலைக் கட்டிக்கொண்டு அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் என் மகளுக்கு என் முகமே மறந்துவிடும் என்று பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு நாற்காலியும் வேண்டாம், நாசமாய்ப் போன சம்பளமும் வேண்டாம். என் பிள்ளை என்னைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆள் பிடிக்க இங்கே வந்திருந்த ஏஜென்ட்டிடம் போய் நின்றேன். "உன் இடத்துக்கு ஆள் வந்தா நீ தாராளமா கிளம்பலாம்" என்றான் அவன். அந்த ஆள்தான் வருகிறானே! ஒரே நாளில் நான் இங்கிருந்து, அவன் அங்கிருந்து கிளம்புவது என்று பேசி முடித்தோம். மறுபடி இரண்டு பேரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டான், கட்டையில் போகிறவன்.

கிளம்புகிற அன்று காலையில் அவனுக்குப் போன் செய்தேன். "ஏறிட்டியா?"

"குழந்தைக்குக் காய்ச்சலா இருந்துச்சு. ராத்திரியெல்லாம் என் கையை விடலை. என்னால வர முடியாது" என்றான். அவன் பேச்சில் இருந்த அந்நியத் தடுமாற்றம் எங்கேயோ போயிருந்தது. அது என் அலுப்பு, என் இழுவை. போனில் என் குரலையே கேட்பது போலிருந்தது.

"டேய், அது என் பொண்ணுடா!" என்று கத்தினேன். லைன் போய்விட்டது.

நான் விமானம் ஏறினேன். வேறென்ன செய்ய? அவனை வெளியே தள்ளிவிட்டு என் வீட்டில் நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

தெரு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார். அவரும் நானும் எத்தனையோ வருடமாகக் குழாயடியில் சண்டை போட்டவர்கள். பார்த்தும் பாராதது போல் போயிருந்தால் கோபம் என்று விட்டிருப்பேன். அவர் பார்த்தார், புது ஆளைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

கதவை என் மனைவிதான் திறந்தாள். பின்னால் மகள் ஒரு விரற்கடை வளர்ந்து நின்றாள்.

"நான் வந்துட்டேன்" என்றேன்.

"வாங்க. ஏஜென்ட் சொன்னாரு" என்றாள் மனைவி. "முன் ரூம் காலியாத்தான் இருக்கு. இவர் உள்ள படுத்துக்கறதால இப்ப யாரும் இல்ல."

"என்னம்மா பேசற? என்னைப் பாரு! நல்லாப் பாரு! யாருன்னு தெரியலையா உனக்கு?"

பார்த்தாள். அந்தக் கண்ணில் வெறுப்பு இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரக்கம் இருந்தது. தூர தேசத்திலிருந்து பிழைக்க வந்தவன் மேல் வருகிற இரக்கம்.

"களைச்சுப் போயிருக்கீங்க, பாவம்" என்றாள். "ஆனா எங்க பேச்சு நல்லாவே பேசறீங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?"

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "யாரும்மா அது?" என்று கேட்டது. என் மகள் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே, "முன் ரூமுக்கு ஒரு மாமா வந்திருக்காருப்பா" என்றாள்.

மாமா. உள்ளே பாய்ந்து அவன் சட்டையைப் பிடிக்கத்தான் ஓரடி எடுத்து வைத்தேன். குழந்தை மிரண்டு, அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அழுவதற்கு உதடு பிதுங்கியது. இன்னும் ஒரு சத்தம் போட்டால் கதவை அடைத்துவிடுவார்கள், அப்புறம் இந்த முகத்தைத் தெருவில் நின்றுகூடப் பார்க்க முடியாது என்று புரிந்தது. முன்னறையில் இருந்தால் தினம் இந்த வாசல் வழியாகத்தான் போவாள், வருவாள்.

பையைக் கீழே வைத்தேன்.

"முன்பணம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.