கடைசியாக வந்த கோதுமை பீர்

அண்ணனும் தங்கையும் நடத்தும் பீர் ஆலைக்கு மதுக்கடைக்காரர் ஒருவர் ருசி பார்க்க வந்திருந்தார். அண்ணன் மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்தான். முதலில் கடும் கசப்பு பீர், அடுத்தது கறுப்பு பீர், கடைசியில் தங்கை காய்ச்சிய கோதுமை பீர்.

கடைசிக் கோப்பையைக் குடித்தவர் முகம் சுளித்தார். "இது என்னங்க, கோப்பை கழுவின தண்ணியா?"

"இதை நிறுத்திட்டு அந்தத் தொட்டியிலயும் கசப்பே காய்ச்சலாம்னு அன்னைக்கே சொன்னேன்," என்றான் அண்ணன்.

"மிளகாயைக் கடிச்சவர்கிட்ட வெள்ளரிக்காய் ருசி கேப்பியாண்ணே?"

அவள் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து, நாக்கு ஆறும்வரை அவரை உட்கார வைத்தாள். பிறகு கோதுமை பீரை மட்டும் புதிதாக ஊற்றினாள்.

"அட, வாழைப்பழ வாசனை!" என்றார் அவர். "நல்லாத்தான்மா இருக்கு. ஆனா என் கடையில கசப்புதான் ஓடும்."

"கேட்டியா?" என்று அண்ணன் சிரித்தான்.

"கேட்டேன். அவருக்குக் கசப்பையே அனுப்பு. என் தொட்டியில மட்டும் கை வைக்காதே. இதைக் குடிக்கிறவங்களை நானே தேடிக்கிறேன்."

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் கோதுமை மூட்டையைப் பிரித்து அரவை இயந்திரத்தில் கொட்டி ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் அவன் கத்தியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.